சாவி வாங்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நான் எடுத்த முதல் வாடகை வீட்டை ஒரு வெயில் நாளின் மதியத்தில் போய்ப் பார்த்தேன். ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. படுக்கையறையில் ஒரு மூலைக்கு மட்டும் புதிதாக வெள்ளை பெயிண்ட் அடித்திருந்தார்கள். நமக்காகச் சுத்தம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். கால் மணி நேரத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

குளிர் தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். அந்த மூலையில் நின்ற துணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து தோல் செருப்பை எடுத்தால், அதன்மேல் சாம்பல் பச்சையில் மாவு தூவியது போலப் படிந்திருந்தது. அலமாரியை நகர்த்தினேன். சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கரும்புள்ளிகள். கீழ்த்தட்டில் இருந்த சான்றிதழ் கோப்பின் அட்டை நெளிந்து, திறந்தால் மக்கிய வாடை. குழந்தைக்கு அதற்கு முன்பே இரவு இருமல் வந்துகொண்டிருந்தது. வெறும் சளி என்று நினைத்து நாள் கடத்தியிருந்தோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் வீடு பார்க்கும்போது வாடகை, பள்ளி, பேருந்து எல்லாம் விசாரிக்கிறோம். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்க்கும் சிலரும் பூஞ்சையைத்தான் தேடுகிறார்கள். பூஞ்சையைத் துடைத்துவிடலாம், பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். அதனால் நீங்கள் தேட வேண்டியது தண்ணீரை. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் அந்த வீட்டை எடுக்கலாமா கூடாதா என்பதும் தெரிந்துவிடும்.

தண்ணீர் வரும் வழிகள்

வெப்பமான இடத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுவர் ஈரம் என்றால் கூரை ஒழுகல், குழாய்க் கசிவு, இவ்வளவுதான் நினைவுக்கு வரும். குளிர் நாட்டில் இன்னொரு வழி உண்டு. அறைக்குள் இருக்கும் காற்றிலிருந்தே தண்ணீர் சுவரில் படியும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. நாம் மூச்சு விடுவது, குளிப்பது, சமைப்பது, துணி காயப்போடுவது எல்லாம் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன. 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், அதாவது காற்று தாங்கக்கூடிய நீராவியில் 60 சதவீதம் அதில் இருந்தால், 12 டிகிரிக்குக் குளிர்ந்த ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும்.

பூஞ்சைக்கு அந்தச் சொட்டுகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டி நாள்கணக்கில் நின்றாலே அது முளைத்துவிடும். மேலே சொன்ன அதே அறையில் சுவர் 15 டிகிரிக்கு இறங்கினால் போதும், இந்த நிலை வந்துவிடும். ஹீட்டரின் சூடு போய்ச் சேராத இடங்கள்தான் அப்படிக் குளிரும். வெளிச்சுவர்கள் சேரும் மூலை, அலமாரிக்குப் பின்புறம், கட்டிலின் தலைமாடு, ஜன்னலுக்குக் கீழே.

இப்படிப் படியும் ஈரம் கரும்புள்ளிகளாகத் தெரியும். மழைநீர் உள்ளே இறங்கினால் பழுப்பு விளிம்போடு திட்டாகத் தெரியும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திட்டு கொஞ்சம் பெரிதாகும். பழைய வீடுகளில் தரையிலிருந்து ஏறும் ஓதமும் உண்டு. அது பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் அலை அலையாகக் கோடு விட்டு நிற்கும், கோட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெள்ளையாகத் தெரிவது உப்பா பூஞ்சையா என்ற சந்தேகம் வந்தால் ஒரு துளி தண்ணீர் வைத்துப் பாருங்கள். உப்பு என்றால் கரைந்துவிடும்.

வீட்டைப் பார்க்கும் அந்த அரை மணி நேரம்

முடிந்தால் குளிரான காலையில் போங்கள். மழை பெய்த மறுநாள் கிடைத்தால் இன்னும் நல்லது. கதவு திறந்தவுடன் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். முதல் ஒரு நிமிடத்தில் மூக்கு சொல்வதை நம்பலாம், அதற்குப் பிறகு மூக்கு பழகிவிட்டால் வாடை தெரியாமல் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி போன்ற வாடை வந்தால் எங்கோ ஈரம் இருக்கிறது. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தாலோ, வாசனை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தாலோ, ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்லிவிட்டு மற்ற அறைகளைப் பார்த்துத் திரும்பி வாருங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

கைபேசியின் டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த பெயிண்ட், உப்பியும் பொரிந்தும் இருப்பது நிழல் விழுந்து தெரியும். பிறகு புறங்கையை வையுங்கள், உள்ளங்கையைவிட அதற்குக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும். பக்கத்துச் சுவரைவிட ஓர் இடம் மட்டும் சில்லென்று இருந்தால் அங்கே விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது. அறையில் ஒரு மூலைக்கு மட்டும் புது பெயிண்ட் இருந்தால், எப்போது, எதற்காக அடித்தீர்கள் என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள்.

ஜன்னலில் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள். அது கறுத்திருந்தால் ஒவ்வொரு குளிர்காலமும் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. பாத்ரூமில் காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டு, ஒரு தாளை அதன்மேல் பிடியுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் விசிறி சத்தம் மட்டும்தான் போடுகிறது. அந்தக் காற்று வெளியே போகிறதா, கூரையடிக்குள் போகிறதா என்றும் கேளுங்கள், கூரையடிக்குள் போனால் அங்கே மரம் ஊறும். சிங்குக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்து அடிப்பலகையை அழுத்தினால், கசிவு இருந்த இடம் வீங்கியோ மெத்தென்றோ இருக்கும்.

நிலவறை இருந்தால் அங்கே ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை வசதி என்று சொல்லிக் காட்டுவார்கள். அது எதற்குத் தேவைப்படுகிறது என்பதுதான் நம் கேள்வி. வெளியே வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மழைநீர்க் குழாய்களின் இணைப்புகளையும், சுவரில் பச்சைப் பாசி படர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மண் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால் மழைநீரும் அங்கேதான் வரும்.

கருவிகள், ஆட்கள்

ஈரப்பதமானி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். சிறியது போதும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்குள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்கிறது, 30 முதல் 50 வரை இருந்தால் நல்லது. சுவரில் ஊசி குத்திப் பார்க்கும் மானி வேறு வகை. மரத்தில் அது காட்டும் எண்ணை நம்பலாம். பூச்சுச் சுவரில் காய்ந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரைக்கூட ஈரம் என்று காட்டும்.

காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் பரிசோதனைக்கு அவசரப்பட்டுப் பணம் கொடுக்காதீர்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தாலே பெரும்பாலும் அந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அதே முகமை சொல்கிறது. எந்த வகைப் பூஞ்சையானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை நிறுத்தி, சுத்தம் செய்து, காயவிடுவது. வீடு வாங்குபவர்கள் பரிசோதகரை வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் பரிசோதிப்பவரே அகற்றும் வேலையையும் எடுத்துச் செய்பவராக இருக்கக் கூடாது.

குடியேறிய பிறகு தெரிந்தால்

உலக சுகாதார நிறுவனம் 2009இல் ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் என்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. அப்படிப்பட்ட வீடுகளில் வசிப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. கைக்குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள்.

பூஞ்சை மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். கையுறை, கண்ணாடி, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். பிளீச்சை அமோனியா உள்ள திரவத்தோடோ வினிகரோடோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். எங்காவது தண்ணீர் கொட்டினால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் வராது. அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். குளிரிலும் தினமும் சில நிமிடம் ஜன்னலைத் திறங்கள். மழை பெய்தாலும் திறக்கலாம், 0 டிகிரி வெளிக்காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், நீங்கள் உள்ளே துணி காயப்போடுகிறீர்கள், அதிகம் சமைக்கிறீர்கள், அதனால்தான் என்று பதில் வரக்கூடும். பலர் அதோடு வாயை மூடிக்கொள்கிறார்கள், ஊருக்குப் புதியவர் என்ற பயம் வேறு. தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். ஈரப்பதமானியை அந்தச் சுவருக்கு அருகில் வைத்து, காலையும் இரவும் எண்ணைக் குறித்து, தேதியோடு படம் எடுங்கள். அறை ஒழுங்காகச் சூடாக இருந்து, ஈரப்பதமும் வாரக்கணக்கில் 50 சதவீதத்துக்குக் கீழேயே இருந்து, அந்தச் சுவர் மட்டும் கறுத்துக்கொண்டே போனால் உங்கள் சமையல் காரணமாக இருக்க வழியில்லை. ஒன்று அந்தச் சுவர் அளவுக்கு மீறிக் குளிர்கிறது, அல்லது தண்ணீர் வேறெங்கிருந்தோ வருகிறது.

நாங்கள் மூன்று வாரக் குறிப்பை அனுப்பினோம். அப்புறம்தான் ஆள் வந்தார். உள்ளே வராமல் நேராக வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். எங்கள் படுக்கையறை மூலைக்கு வெளியே, இடுப்பு உயரத்தில் மழைநீர்க் குழாயின் இணைப்பு பிளந்திருந்தது. வீடு பார்க்க வந்த அன்று அந்தக் குழாயைத் தாண்டித்தான் நான் நடந்து போயிருந்தேன்.