அதே கேள்வி மறுபடியும் வந்தால்: பதில் சொல்பவர்கள் செய்யும் தவறுகள்

"பைத்தான் இன்ஸ்டால் செய்துவிட்டேன், ஆனால் பிப் வேலை செய்யவில்லை." தொழில்நுட்ப உதவிக் குழுக்களில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். (பைத்தான் ஒரு நிரல் மொழி; பிப், அதற்கான கூடுதல் தொகுப்புகளை நிறுவும் கருவி.) பத்தாவது முறை வரும்போது "கூகுளில் தேடிப் பாருங்கள்" என்று கை தானாக டைப் அடித்துவிடும். நானும் அடித்திருக்கிறேன்.

ஆனால் எதைப் போட்டுத் தேடுவார்? பைத்தானின் வழக்கமான விண்டோஸ் இன்ஸ்டாலரின் முதல் திரையில், அடியில், பைத்தானைப் 'பாத்'தில், அதாவது கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்க ஒரு சின்னப் பெட்டி இருக்கும். டிக் நாமாகத்தான் போட வேண்டும். அதைக் கவனிக்காமல் தாண்டியவருக்குப் 'பாத்' என்ற சொல்லே தெரியாது. நமக்குப் பழைய பதில் சட்டென்று சிக்குகிறது என்றால், அந்தச் சொல் நம்மிடம் இருப்பதால்தான். "இது பாத் பிரச்சினை. இன்ஸ்டாலரைத் திறந்து மாடிஃபை வழியாகச் சரிசெய்யுங்கள், அப்புறம் கமாண்ட் விண்டோவை மூடித் திறங்கள்" என்று எழுத அரை நிமிடம் போதும். அடுத்த முறை அவரே தேடிக்கொள்வார்.

லிங்க்கை மட்டும் வீசுவது இன்னொன்று. அனுப்புமுன் அந்தப் பதிலின் தேதியைப் பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்துவிட்டது. பைத்தான் 3-இல் ஓடாத, அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் வரிகள் கொண்ட பழைய பதில்கள் இன்னும் தேடலில் வருகின்றன. புதியவர் அதை அப்படியே ஒட்டி, புது எரரோடு திரும்பி வருவார்.

தலைப்பைப் பார்த்ததுமே "ஏற்கெனவே கேட்டாயிற்று" என்று மூடுவதும் தவறு. பிப் ஓடாததற்குப் பாத் காரணமாக இருக்கலாம், அனுமதிச் சிக்கலாகவும் இருக்கலாம். எரர் செய்தியை முழுதாக, எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள். மங்கலான திரைப் படத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

உண்மையிலேயே அதே கேள்விதான் என்றாலும் அழித்துவிடாதீர்கள். 2008-இல் தொடங்கிய, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, நகல் என்று மூடிய கேள்விகள் பலவற்றை மூலப் பதிலுக்கு வழிகாட்டும் பலகையாக அப்படியே விட்டுவைக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வார்த்தையில் தேடுவார்கள் அல்லவா?

இதே காரணத்துக்காக, அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து வைக்கும்போது "சூழல் மாறிகளை அமைத்தல்" என்று (பாத் போன்ற அமைப்புகளுக்கான கலைச்சொல்லில்) தலைப்பு வைக்காதீர்கள். "பிப் வேலை செய்யவில்லை" என்றே வையுங்கள்.

எரிச்சலாக இருக்கும் நாளில்? பேசாமல் தாண்டிப் போய்விடுங்கள். வேறு யாராவது பதில் சொல்வார்கள்.