மோட்டார்ஹோமில் பிளக் பாயிண்டுக்குக் கரண்ட் வராவிட்டால்

பிளக் பாயிண்டில் கரண்ட் இல்லையென்றால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். நானும் மனைவியும் 11 வருடமாக, வருடத்தில் பாதி நாள் மோட்டார்ஹோமில்தான் (தங்கிச் சமைத்து வாழும் வசதியுள்ள வண்டி) இருக்கிறோம். இத்தனை வருடத்தில் எங்கள் வண்டியில் பாயிண்டே கெட்டுப்போனது இரண்டு தடவைதான். மற்ற எல்லாத் தடவையும் கோளாறு அதற்கு முன்னால் எங்கோ இருந்தது. அதனால் கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து தேடிக்கொண்டு வாருங்கள்.

"லைட் எரிகிறதே, அப்புறம் பாயிண்டில் மட்டும் ஏன் வரவில்லை?" என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். லைட்டும் தண்ணீர் பம்பும் கூரை ஃபேனும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. பிளக் பாயிண்ட் வீட்டில் இருப்பது போன்ற ஏசி கரண்டில் ஓடுவது. நாட்டைப் பொறுத்து அது 120 அல்லது 230 வோல்ட். இரண்டும் தனித்தனி. லைட் எரிவதை வைத்துப் பாயிண்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நான் முதலில் பார்ப்பது மைக்ரோவேவின் கடிகாரத்தை. அது எரிந்தால் ஏசி கரண்ட் வண்டிக்குள் வந்துவிட்டது, கோளாறு உள்ளே எங்கோ இருக்கிறது. அணைந்திருந்தால் பெரும்பாலும் வெளியே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

ஏசி கரண்ட் வர மூன்று வழிகள் உண்டு: வெளி இணைப்பு, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர். இப்போது எதில் இருக்கிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வெளி இணைப்பு என்றால், கேம்ப் கிரவுண்டின் (இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) கரண்ட் பெட்டியில் இருக்கும் பிரேக்கரை முழுதாக அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றிப் பிளக்கின் முனைகளைப் பாருங்கள். கறுத்திருந்தாலோ உருகியிருந்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம், வேறு இடம் கேளுங்கள். நடுவில் ஸர்ஜ் புரொடெக்டர் (வோல்டேஜ் ஏறி இறங்கினால் வண்டியைக் காக்கும் கருவி) வைத்திருந்தால் அதன் திரையைப் படியுங்கள். வோல்டேஜ் மிகவும் குறைந்தால் நல்ல புரொடெக்டர் தானே கரண்டை நிறுத்திவிடும். 120 வோல்ட் ஊர்களில் பலவற்றில் 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்தும். அது கோளாறு இல்லை, உங்கள் ஏசி மெஷினைக் காப்பாற்றுகிறது. 50 ஆம்ப் இணைப்பு உள்ள வட அமெரிக்க வண்டிகளில் இரண்டு லைன் வரும். அதில் ஒன்று போய்விட்டால் வண்டியில் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. ஒரு பக்கம் பிளக் பாயிண்டும், சம்பந்தமே இல்லாத இடத்தில் ஒரு ஏசி மெஷினும் சேர்ந்து நின்றிருந்தால் முதலில் இதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஜெனரேட்டர் ஓடியும் கரண்ட் வரவில்லையென்றால், அதன் உடம்பிலேயே ஒரு பிரேக்கர் இருக்கும், அதைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்த உடனே கரண்ட் வராது. வெளி இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் தானியங்கி ஸ்விட்ச் அரை நிமிடம் வரை காத்திருந்து 'டக்' என்று மாறும். அந்தச் சத்தம் வரும்வரை பொறுங்கள். இன்வெர்ட்டர் என்றால், அது எல்லாப் பாயிண்டுக்கும் கரண்ட் தராது. டிவிக்கும் சமையல் மேடைக்கும் மட்டும் தருகிற வண்டிகள் நிறைய. பேட்டரி இறங்கினால் அது தானாக நின்றுவிடும். அதிலும் தனியாக ஒரு ரீசெட் பட்டன் இருக்கலாம்.

அடுத்தது உள்ளே இருக்கும் பிரேக்கர் பெட்டி. ட்ரிப் ஆன பிரேக்கர் பல பெட்டிகளில் முழுதாக விழாமல் நடுவில் நின்றிருக்கும். பார்வைக்கு 'ஆன்' போலவே தெரியும். விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள், லேசாக ஆடுகிறதுதான் ட்ரிப் ஆனது. அதை 'ஆஃப்' பக்கம் நன்றாக அழுத்திவிட்டுப் பிறகு 'ஆன்' செய்யுங்கள். மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்காதீர்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது சுமை அதிகம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், பெரும்பாலும் குற்றவாளி ஜி.எஃப்.சி.ஐ. நடுவில் இரண்டு சின்னப் பட்டன் உள்ள பாயிண்ட் அது. கரண்ட் போன வழியே திரும்பாமல் சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே நிறுத்திவிடும். உங்கள் உயிருக்காக இருக்கிற பொருள். விஷயம் என்னவென்றால், அது தன்னை மட்டும் நிறுத்துவதில்லை, தனக்குப் பின்னால் வரிசையாக இணைத்திருக்கும் பாயிண்டுகளையும் சேர்த்து நிறுத்தும். பாத்ரூம், சமையல் மேடை, வண்டிக்கு வெளியே உள்ள பாயிண்ட் மூன்றும் ஒரே வரிசையில் இருப்பது சகஜம்.

ஒரு இரவு முழுக்க மழை. காலையில் கெட்டில் சுடவில்லை. மைக்ரோவேவ் கடிகாரம் எரிந்தது, பிரேக்கர் எல்லாம் சரி. சமையல் மேடைப் பாயிண்டைக் கழற்றி இரண்டு மணி நேரம் ஒயரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பல் தேய்க்கப் போன மனைவி பாத்ரூமிலிருந்து, "ஏங்க, இந்த பாயிண்ட்ல எப்பவும் எரியுற குட்டி லைட்டு எரியலையே" என்றாள். போய் ரீசெட்டை அழுத்தினேன். 'கிளிக்' என்று உட்கார்ந்தது, அடுத்த நொடியே விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தால், வெளிப் பாயிண்டின் மூடி சரியாக மூடாமல் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றிருந்தது. வெளி இணைப்பைக் கழற்றிவிட்டு, துணியால் ஒற்றி, மூடியைத் திறந்து மத்தியானம் வரை வெயிலில் காயவிட்டேன். அப்புறம் ரீசெட் நின்றது.

ஆகவே ரீசெட் நிற்கவில்லையென்றால் அந்த வரிசையில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு அழுத்துங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகுங்கள், எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான். பட்டன் உட்காரவே மறுத்தால், ஜி.எஃப்.சி.ஐ-க்கே கரண்ட் வராமல் இருக்கலாம். புதிய வகைகள் கரண்ட் இல்லாமல் ரீசெட் ஆகாது. 230 வோல்ட் வண்டிகளில் இந்த வேலையை பிரேக்கர் பெட்டியில் இருக்கும் ஆர்.சி.டி செய்யும். அது விழும் அளவு 30 மில்லி ஆம்ப், விழுந்தால் வண்டி முழுக்கப் போய்விடும். அப்படி விழுந்தால் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர் இரண்டின் எலிமெண்டையும் (சூடாக்கும் கம்பி) சந்தேகப்படுங்கள். மேலுறையில் மயிரிழை விரிசல் விட்டு ஈரம் புகுந்திருந்தாலே கசியும்.

இத்தனைக்கும் பிறகுதான் பாயிண்டைத் திறப்பது. திறக்கும் முன் கேபிளைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரையும் அதன் தானியங்கி ஸ்டார்ட்டையும் அணையுங்கள், இன்வெர்ட்டரை அணையுங்கள். மூன்றும். பலர் இன்வெர்ட்டரை மறந்துவிடுகிறார்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு இங்கே வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.

என் கட்டில் ஓரப் பாயிண்டை அப்படித் திறந்தபோது, முதலில் வந்தது வாடை, பழைய மீன் போல. பிளாஸ்டிக் அதிகமாகச் சூடானால் அந்த வாடை வரும். பின்பக்கம் காப்பி நிறத்தில் ஒரு கறை, அதன் நடுவில் ஒயர். பல மோட்டார்ஹோம்களில் பாயிண்டில் ஸ்க்ரூ கிடையாது. ஒயரைத் தோல் உரிக்காமலே ஒரு உலோகக் கவட்டைக்குள் அழுத்திவிடுவார்கள், கவட்டையின் ஓரம் தோலை வெட்டிக்கொண்டு செம்பைப் பிடிக்கும். வண்டி ஓடி ஓடிக் குலுங்கும்போது அந்தப் பிடி தளரும், தளர்ந்தால் சூடாகும், சூடானால் இன்னும் தளரும். என்னுடையதில் விரல் பட்டதும் ஒயர் வெளியே வந்துவிட்டது. கறுத்த செம்பை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினேன், சரியான பெட்டி ஒன்று பொருத்தி, ஸ்க்ரூ வைத்த பாயிண்டாக மாற்றினேன். அதற்குப் பின்னால் இருந்த இரண்டு பாயிண்டுகளும் சேர்ந்தே உயிர் பெற்றன. ஒரு வரிசையில் சில பாயிண்டுகள் மட்டும் போயிருந்தால், கரண்ட் வருகிற கடைசிப் பாயிண்டையும் வராத முதல் பாயிண்டையும் திறந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் ஒயர் விட்டிருக்கும்.

இன்னொன்று: வண்டியின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருந்தால் அந்த நிமிடமே எல்லா வேலையையும் நிறுத்துங்கள். வண்டியைத் தொடாமல் கரண்ட் பெட்டிக்குப் போய்ப் பிரேக்கரை அணையுங்கள். எர்த் விட்டுப்போயிருக்கலாம், அது ஆளைக் கொல்லும். அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

சரி செய்த பாயிண்டை போன் சார்ஜர் போட்டுச் சோதித்தால் போதாது, தளர்ந்த இணைப்பும் அதைத் தாங்கும். வெளி இணைப்பில் இருக்கும்போது ஹேர் டிரையரை 10 நிமிடம் ஓட்டிவிட்டு, பாயிண்டின் முகப்பில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. சூடு என்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள்.