இந்திய நேரமும் உலக நேரமும்: மனக்கணக்காகவே மாற்றுவது எப்படி?

உலக நேரத்தைவிட (யுடிசி) நாம் ஐந்தரை மணி முன்னால் இருக்கிறோம் என்பது பலருக்கும் தெரியும். அந்த அரை மணி எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் கணக்கு மறக்காது.

படி 1: அரை மணி வந்த வழி

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. பாகைக்கு 4 நிமிடம். நம் நேரத்துக்கு அடிப்படை, உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகை. நான்கால் பெருக்கினால் 330 நிமிடம், அதாவது ஐந்தரை மணி. 1906 ஜனவரி 1 முதல் இந்த நேரம் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் ரயில்கள் பெரும்பாலும் மெட்ராஸ் நேரப்படி ஓடின. அது இன்றைய நேரத்தைவிட ஏறத்தாழ 9 நிமிடமே பிந்தியது. கல்கத்தாவும் பம்பாயும் எளிதில் இறங்கிவரவில்லை. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தத்தம் நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன.

படி 2: கூட்டுங்கள்

இணையக் கூட்டம் யுடிசி 14:45 என்று அழைப்பு வருகிறது. முதலில் 30 நிமிடம் கூட்டுங்கள்: 15:15. பிறகு 5 மணி: 20:15. நமக்கு இரவு 8.15.

பலர் சறுக்குவது தேதியில்தான். யுடிசி 18:30 ஆகும்போது இங்கே நள்ளிரவு. அதன் பிறகு வரும் எந்த நேரமும் நமக்கு மறுநாள்.

படி 3: பிற நாடுகள்

சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே, துபாய் ஒன்றரை மணி பின்னே. ஆண்டு முழுவதும் மாற்றமில்லை. லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் கோடையில் நாலரை மணியும் பின்தங்கும். நியூயார்க்குக்குப் பத்தரை, ஒன்பதரை. மார்ச்சில் அமெரிக்கா முந்திக்கொள்ளும், பிரிட்டன் சில வாரம் கழித்தே கடிகாரத்தை நகர்த்தும். அந்த இடைவெளியில் மனக்கணக்கை நம்பாமல் சரிபார்ப்பதே நல்லது.

படி 4: கருவி அமைப்பு

நேர மண்டலப் பட்டியலில் சென்னை இல்லையென்றால் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே நேரம்தான்.

அவசரத்துக்கு ஒரு தந்திரம்: முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். நம் 3 மணி, 9.30 எனத் தெரியும், அதுதான் யுடிசி. எண்கள் அச்சிடாத கடிகாரமென்றால் இன்னும் வசதி. மணி முள் அரை மணி தள்ளி நிற்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். காலையா இரவா என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்ய வேண்டும்.