சிஸ்டம் ரீஸ்டோர்: இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் செய்யும் தவறுகள்

போன வாரம் நண்பர் ஒருவர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். இடம் நிரம்பி சி டிரைவ் சிவப்பாகிவிட்டதால், விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதியான சிஸ்டம் ரீஸ்டோரை அணைத்துவிட்டாராம். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள், டவுன்லோட்ஸைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதுகாப்பையே அணைத்துவிடுவது

இடம் கிடைக்க இதுதான் வேகமான வழி என்று இன்றைக்கும் பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. சிஸ்டம் புரொடெக்‌ஷனில் ஒரு டிரைவுக்குப் பாதுகாப்பை அணைத்தால், அந்த டிரைவில் உள்ள ரீஸ்டோர் பாயிண்டுகள், அதாவது திரும்பிப் போகச் சேமித்துவைத்த பழைய நிலைகள், அத்தனையும் அழிந்துவிடும். அவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. "அப்புறம் ஆன் செய்துகொள்ளலாம்" என்று நினைப்பார்கள். ஆன் செய்யலாம்தான், ஆனால் உள்ளே ஒரு பாயிண்டுகூட இருக்காது.

எனக்கு நடந்தது இது. விண்டோஸ் 7 கணினி, ரீஸ்டோர் பாயிண்டுகள் 9 ஜிபி பிடித்திருந்தன. அணைத்தேன், 9 ஜிபி கிடைத்தது. மறுநாள் மாலை கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை. ரெக்கவரிக்குள் போய் சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தால், ஒரு ரீஸ்டோர் பாயிண்டும் இல்லை என்றது. முந்தைய நாள் வரை இருந்தவற்றில் ஒன்று இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவி, மென்பொருட்களை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. அதோடு பழைய விண்டோஸின் ஃபைல்களோடு விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் வந்து உட்கார்ந்து, நான் மீட்ட 9 ஜிபியைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது.

செய்ய வேண்டியது இதுதான். பாதுகாப்பை அணைக்கும் அதே ஜன்னலில் கான்ஃபிகரை அழுத்தினால் மேக்ஸ் யூசேஜ் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதைக் கொஞ்சம் குறையுங்கள். பழைய பாயிண்டுகள் முதலில் போகும், புதியவை தங்கும். பக்கத்தில் உள்ள டெலீட் பொத்தானைத் தொடாதீர்கள், அதுவும் மொத்தத்தையும் அழிக்கும். உடனே இடம் வேண்டும் என்றால் டிஸ்க் கிளீனப்பை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து மோர் ஆப்ஷன்ஸுக்குப் போங்கள். அங்கே சுத்தம் செய்தால் கடைசி பாயிண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும்.

அளக்காமலே பழி போடுவது

ரீஸ்டோர் பாயிண்டுகள் இருக்கும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர் மறைந்திருக்கும். ஃபோல்டர்களின் அளவைக் கூட்டிப் பார்த்து, கணக்கு உதைத்தால் உடனே சந்தேகம் இதன் மேல் விழும். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ்' (vssadmin list shadowstorage) என்ற கட்டளையைக் கொடுங்கள். மூன்று எண்கள் வரும்: உண்மையில் பயன்பட்டது, ஒதுக்கி வைத்தது, உச்ச வரம்பு. பலர் மூன்றாவதைப் பார்த்துப் பதறுகிறார்கள். அது வரம்பு மட்டுமே, போன இடம் அல்ல. நண்பரின் லேப்டாப்பில் அணைப்பதற்கு முன் 3 ஜிபிதான் போயிருந்ததாம். இடத்தைத் தின்றுகொண்டிருந்தது வீடியோ எடிட்டரின் கேஷ் (தற்காலிக ஃபைல்கள்), 40 ஜிபிக்கு மேல்.

வரம்பை ஒன்றிரண்டு ஜிபிக்குச் சுருக்குவது

விஸ்டாவில் இருந்து ரீஸ்டோர் பாயிண்டுகளுக்கு அடியில் வேலை செய்வது ஷேடோ காப்பி. டிரைவில் ஒரு பகுதி மாற்றி எழுதப்படும்போது, அதன் பழைய உள்ளடக்கத்தை 16 கேபி துண்டுகளாக எடுத்து வைத்துக்கொள்ளும். அதனால் சிஸ்டம் ஃபைல்கள் மாறினால் மட்டும் இடம் போகும் என்று நினைக்காதீர்கள். சி டிரைவில் விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்டினாலோ, ஃபைல் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் செய்தாலோ இந்த இடம் வேகமாக நிரம்பும். வரம்பு சிறியதாக இருந்தால், நீங்கள் நம்பியிருந்த பாயிண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அப்படிப்பட்ட பெரிய ஃபைல்களை வேறு டிரைவில் வையுங்கள்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டரைக் கையால் அழிப்பது

வேண்டாம்.

இதையே பேக்கப் என்று நம்புவது

படங்களையும் ஆவணங்களையும் சிஸ்டம் ரீஸ்டோர் மீட்டுத் தராது. அதுவும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது.

பழைய பாயிண்ட் எப்போதும் இருக்கும் என்று எண்ணுவது

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் அதிகபட்சம் 60 நாள்தான் இருக்கும். எவ்வளவு இடம் ஒதுக்கினாலும் அதுதான் கணக்கு. எனவே டிரைவர் மாற்றும் முன், பெரிய மென்பொருள் நிறுவும் முன், கிரியேட் பொத்தானை அழுத்தி, தேதியோடு பெயர் கொடுத்து ஒரு புதிய பாயிண்டை உருவாக்குங்கள். நண்பரின் லேப்டாப்பில் பாதுகாப்பை மறுபடி ஆன் செய்து, முதல் பாயிண்டை அவர் கையாலேயே போடவைத்துத்தான் அனுப்பினேன்.