சஃபாரிக்கு மூட்டை கட்டுவது எப்படி: 60 பவுண்டிலிருந்து 15 கிலோவுக்கு

நைரோபியில் ஒரு சஃபாரி நிறுவனத்தின் சாமான் கிடங்கில் 11 வருடம் வேலை பார்த்தேன். கூடாரம், மடக்குக் கட்டில், லாந்தர், அடுப்பு எல்லாம் என் கைபட்டுத்தான் வண்டி ஏறும். கென்யாவின் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்குக் கிளம்புகிறவர்கள் "என்னென்ன எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேட்டால், முதலில் தராசைத்தான் காட்டுவேன். இந்தத் தொழிலே எடைக் கணக்கில் வளர்ந்தது.

நூறு வருடத்துக்கு முன் நைரோபியில் இந்தத் தொழிலில் பெரிய பெயர் நியூலாண்ட் அண்ட் டார்ல்டன். விக்டர் நியூலாண்ட், லெஸ்லி டார்ல்டன் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்களின் நிறுவனம். 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வந்தபோது ஆளும் சாமானும் ஏற்பாடு செய்தது இவர்கள்தான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்காக விலங்குகளைச் சேகரிக்க வந்த பயணம் அது. தோல்களைக் கெடாமல் வைக்க மட்டும் 4 டன் உப்பு. சுமையாட்கள் 200 பேருக்கு மேல். ஒரு தலைச்சுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ.

எனக்கு மறக்காதது ரூஸ்வெல்ட்டின் புத்தகப் பெட்டி. பன்றித்தோல் அட்டை போட்ட புத்தகங்கள், அலுமினியமும் எண்ணெய்த்துணியும் சேர்த்துச் செய்த பெட்டி. பெட்டியோடு சேர்த்து 60 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஆள் சுமை! எந்தப் புத்தகம் வேண்டும் என்ற ஆசையைக்கூட ஒருவர் கழுத்து தாங்கும் அளவுக்குள் அடக்கியிருக்கிறார்கள். நான் மூட்டை கட்டக் கற்றது அந்தப் பெட்டியை நினைத்துத்தான்.

அப்புறம் மோட்டார் வண்டி வந்து தலைச்சுமை போனது. 1977இல் கென்யா வேட்டையைத் தடை செய்ததும் துப்பாக்கிப் பெட்டிகள் இருந்த இடத்துக்குக் கேமரா வந்தது. இப்போது எடையைத் தீர்மானிப்பது நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சின்ன விமானம். பொதுவாக ஒருவருக்கு 15 கிலோ, கைப்பையையும் சேர்த்து.

அதனால் முதலில் பையை மாற்றுங்கள். சக்கரமும் சட்டமும் இல்லாத, அமுக்கினால் அமுங்குகிற துணிப்பை வேண்டும். விமானத்தில் சாமான் வைக்கும் இடம் குறுகலானது. கெட்டிப் பெட்டி அதில் வளையாது. ஒரு முறை விருந்தாளி ஒருவர் 22 கிலோ கெட்டிப் பெட்டியோடு வந்துவிட்டார். விமான நிலையத் தரையில் உட்கார்ந்து, பாதியை என் கான்வாஸ் பைக்கு மாற்றினோம். அந்த அவசரத்தில் கேமரா சார்ஜர் பெட்டியிலேயே தங்கிவிட்டது. நான்கு நாள், ஒரே ஒரு பேட்டரி. சிறுத்தை மரத்திலிருந்து இறங்கியபோது அதுவும் தீர்ந்திருந்தது. இன்று நினைத்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

சரி, துணி. மூன்று ஜோடி போதும். பெரும்பாலான முகாம்களில் துவைத்துத் தருவார்கள். காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை எடுங்கள். கருநீலமும் கறுப்பும் கடிக்கிற செட்சி ஈயை இழுக்கும். ராணுவ உடை போலத் திட்டுத்திட்டாக இருக்கும் துணி வேண்டவே வேண்டாம். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. விடிகாலையில் திறந்த வண்டியில் பற்கள் கிட்டும். ஒரு நல்ல கம்பளிச் சட்டைக்கு எடை கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதையும் கனமான காலணியையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள்.

பைனாகுலர் ஆளுக்கு ஒன்று. இருவருக்கு ஒன்று என்றால், சிங்கம் தெரியும்போது ஒருவர் காத்திருக்க வேண்டிவரும். கேமராவைத் தாங்க வைக்கும் மணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், முகாம் சமையலறையில் பீன்ஸ் கேட்டு நிரப்புங்கள். திரும்பும்போது கொட்டிக் கொடுத்துவிடலாம். தூசிக்கு பிளாஸ்டிக் பையைத் தேடாதீர்கள். கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை. பழைய தலையணை உறை நன்றாகவே காப்பாற்றும்.

எல்லாம் கட்டியதும் பையைத் தராசில் வையுங்கள். 13 கிலோவில் நிறுத்திக்கொண்டால் நல்லது. மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர் மூன்றும் தோள்பையில். மிச்சமான பெட்டியில் பெயரும் திரும்பும் தேதியும் எழுதி நைரோபியிலேயே விட்டுச் செல்லுங்கள். கிடங்கில் அதற்கென்றே ஓர் அலமாரி வைத்திருந்தோம்.