பாத்டப் வாங்கும் முன்: பலர் செய்யும் தவறுகள்

புது வீடு கட்டுபவர்கள் பலருக்கும் இப்போது பாத்ரூமில் ஒரு டப் போட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. நல்ல ஆசைதான். நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவருக்குத் தோளளவு வெந்நீரில் கால் மணி நேரம் அமிழ்ந்து கிடப்பதைப்போல ஒரு சுகம் இல்லை. ஆனால் ஆசையாக வாங்கிய டப், சில மாதங்களில் துணி ஊறவைக்கும் தொட்டியாகிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வெந்நீர்க் கணக்கைப் போடாமலே டப்பை வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஒருவர் அமிழ்ந்து குளிக்க 200 லிட்டர் தண்ணீர், 40 டிகிரி சூட்டில் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் 28 டிகிரியில் வருகிறது, கீசர் 60 டிகிரிக்குக் காய்ச்சுகிறது என்றால், அந்த 200 லிட்டரில் 75 லிட்டர் கீசரிலிருந்து வர வேண்டும். நம் வீடுகளில் மாட்டியிருப்பது 15 லிட்டர், மிஞ்சினால் 25 லிட்டர் கீசர். அதை மூன்று தடவை காய்ச்சி முடிப்பதற்குள் முதலில் விட்ட தண்ணீர் ஆறிப்போகும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் டப் நிறையவே ஒரு மணி நேரம் பக்கம் ஆகிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் குழாய்த் தண்ணீரே 15 டிகிரியில் வரும் நாளில் 110 லிட்டர் வெந்நீர் தேவை. கரண்ட் கணக்கு, ஒரு குளியலுக்குச் சென்னையில் ஏறக்குறைய 3 யூனிட், மலையில் 6 யூனிட். ஆகவே 100 லிட்டர் கீசருக்கு இடமும் வயரிங்கும் இருக்கிறதா, அல்லது மாடியில் சோலார் ஹீட்டர் வைக்க முடியுமா என்பதை முடிவு செய்துவிட்டு ஷோரூமுக்குப் போங்கள். இரண்டும் முடியாது என்றால் டப்பே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, வெந்நீருக்கு வழி இருக்கிறது. ஷோரூமில் நடக்கும் தவறு, வெளி உயரத்தைப் பார்த்து அதுதான் ஆழம் என்று நம்புவது. டப்பின் உள்பக்கம் ஓவர்ஃப்ளோ துளை ஒன்று இருக்கும். அதற்கு மேல் தண்ணீர் நிற்காது. வெளியே 60 செ.மீ. உயரம் தெரிகிற டப்பில் தண்ணீர் 40 செ.மீ. மட்டுமே நிற்கலாம். சாதாரண டப்களில் 30 செ.மீ. அளவுதான், தோளும் முழங்காலும் வெளியே காய்ந்துகொண்டிருக்கும். டப்பின் உள் அடிப்பாகத்திலிருந்து அந்தத் துளையின் அடிவிளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். 40 செ.மீ.க்குக் குறைந்தால் வேறு டப் பாருங்கள்.

நீளம் கூடக்கூட சுகம் என்று நினைப்பதும் தவறு. ஐந்தே கால் அடி உயரமுள்ளவர் 170 செ.மீ. டப்பில் சாய்ந்தால் கால் எதிர்ப்பக்கத்தை எட்டாது. உடம்பு வழுக்கிக்கொண்டே போகும், கழுத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மில் பலருக்கு 150 செ.மீ. போதும். செருப்பைக் கழற்றிவிட்டு ஷோரூம் டப்பிலேயே படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஜப்பானிய வீடுகளில் இருக்கும் ஒஃபுரோ மாதிரி நீளம் குறைந்து ஆழம் கூடிய டப் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்வேன். முழங்காலை மடக்கி உட்கார்ந்த வாக்கில் தோள் வரை மூழ்கலாம், சின்ன பாத்ரூமிலும் அடங்கும்.

எடையைப் பலர் யோசிப்பதே இல்லை. தண்ணீர் 200 கிலோ, ஆள் 70, அக்ரிலிக் டப் 40 என்றாலே 300 கிலோவைத் தாண்டிவிடும். வார்ப்பிரும்பு டப் என்றால் அதன் எடையே 100 கிலோவுக்கு மேல். வீட்டு பாத்ரூம் தளம் தாங்க வேண்டியது என்று ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை (ஆள், தண்ணீர், சாமான்களின் எடை), சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. டப் வைக்கும் இடமோ ஒரு சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சுமை தளம் முழுக்கப் பரவும் என்பதால் உடனே பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் மாடியில், அதுவும் பழைய வீட்டில் வைப்பதாக இருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

பின்னால் அதிகமாக அழவைப்பது இன்னொன்று. டப்பைச் சுற்றிச் செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டும்போது, உள்ளே கை போக ஒரு கதவுகூட விடாமல் மூடிவிடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். அடியில் வேஸ்ட் பைப் இணைப்பு கசிய ஆரம்பித்தால் மேலே ஒன்றும் தெரியாது, கீழ்வீட்டு சீலிங்கில்தான் ஈரம் தெரியும். அப்புறம் டைல்ஸை உடைப்பதைத் தவிர வழியில்லை. வடிகால் இருக்கும் பக்கத்தில் ஒன்றரை அடிக்குக் கழற்றி மாட்டும் பலகை வைக்கச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாளாவது விட்டுப் பாருங்கள். டைல்ஸ் மூடும் முன் டப்பை ஓவர்ஃப்ளோ வரை நிரப்பித் திறந்துவிட்டு, இணைப்புகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேஸ்திரி அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒரே பாத்ரூம் என்றால் டப் வேண்டாம். வயதான அம்மா அப்பா தினமும் அந்த விளிம்பைத் தாண்டிக் கால் வைப்பது ஆபத்து. இரண்டாவது பாத்ரூமில் வைத்தாலும் பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. டப் உள்ளே போகுமா என்று பாத்ரூம் கதவு, மாடிப்படி, லிஃப்ட் எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் குளித்த உடனே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் வெள்ளை உப்புப் படியும். அதற்கு பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் எனாமல் பூச்சும் மார்பிளும் பாழாகும். அக்ரிலிக்கை கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். குளித்ததும் துணியால் துடைத்துவிட்டால் உப்பு அவ்வளவாகப் படியாது. வாரக்கணக்கில் பயன்படுத்தாமல் விட்டால் அடியில் இருக்கும் டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வரும். அவ்வப்போது இரண்டு மக் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும்.