பிளாஸ்மா வெட்டு சுத்தமாக வரவில்லையா? முதலில் துண்டைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டுப் பட்டறையில் சிஎன்சி பிளாஸ்மா டேபிள் (கணினி சொல்லும் வழியில் பிளாஸ்மா சூட்டால் இரும்புத் தகட்டை வெட்டும் மெஷின்) வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான். வெட்டு அசிங்கமாக வந்ததும் நேராகக் கணினிக்குப் போய் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள், ஆம்பைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், போகிற போக்கில் வோல்டேஜையும் மாற்றிவிடுவார்கள். அடுத்த வெட்டு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது; மோசமாக வந்தாலும் தெரியாது. நானும் பல ஷீட்டுகளை இப்படித்தான் காயலானாக்கினேன். வெட்டின துண்டு கையில்தான் இருக்கிறது. அதைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

உருகிய இரும்பு அடியில் உறைந்து ஒட்டியிருக்கும் கசடிலிருந்து ஆரம்பிப்போம். கசடைப் பார்த்ததும் "வேகம் அதிகமாகிவிட்டது போல" என்று வேகத்தைக் குறைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. கசடு இரண்டு வகை. தடிமனாக, குமிழ் குமிழாகத் தொங்கி, சுத்தியலால் லேசாகத் தட்டினாலே பொலபொலவென்று கழன்று விழுந்தால், வெட்டும் முனையான டார்ச் மெதுவாகப் போயிருக்கிறது. மெதுவாகப் போகும்போது ஆர்க், அதாவது டார்ச்சிலிருந்து தகட்டுக்குப் பாயும் மின்பொறி, பக்கவாட்டில் இரும்பைத் தேடிப் போகும். வெட்டின் அகலம் கூடும். உருகியதைக் கீழே தள்ளும் விசை குறையும். இதற்கு மேலும் வேகத்தைக் குறைத்தால் கசடு இன்னும்தான் கூடும். மெல்லிய கோடு போல விளிம்போடு ஒட்டிக்கொண்டு, கிரைண்டர் இல்லாமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், அது அதிவேகக் கசடு. அப்போது ஆர்க் பின்தங்கிவிடுகிறது. வெட்டின் முகத்தில் தெரியும் கோடுகளே காட்டிக்கொடுக்கும்: மேலிருந்து கீழே வரும்போது அவை பின்பக்கம் நன்றாகச் சாய்ந்திருந்தால் வேகம் அதிகம், கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றால் வேகம் குறைவு. காற்றை ஊதி வெட்டும் காற்று பிளாஸ்மாவில் லேசான சாய்வு இருப்பதுதான் நல்ல அடையாளம்.

சரியான வேகத்தை யூகிக்க வேண்டாம். டார்ச் தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள வேகத்தை நடுவில் வைத்து, அதற்கு மேலேயும் கீழேயும் பத்துப் பத்து சதவீதம் மாற்றி, வீணான தகட்டில் 100 மி.மீ. நீளக் கோடுகள் சில வெட்டிப் பாருங்கள். கசடு ஏறக்குறைய இல்லாத கோடு ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்படி எந்தக் கோடும் வரவில்லை என்றால் சிக்கல் வேகத்தில் இல்லை.

விளிம்பு சாய்வாக வந்தால்

ஒரு சதுரம் வெட்டி, நான்கு பக்கத்தையும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரி சாய்ந்து, மேல்முகம் சிறுத்து அடிமுகம் பெருத்திருந்தால் டார்ச் உயரமாகப் போயிருக்கிறது. இதற்கு நேரெதிராக அடிமுகம் சிறுத்திருந்தால் டார்ச் தாழ்ந்திருக்கிறது. எதிரெதிர் பக்கங்கள் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று சாய்ந்தால் டார்ச்சே நேராக நிற்கவில்லை. அதைத் தகட்டின் மேல் மூலைமட்டம் வைத்து இரண்டு அச்சிலும் சரிபார்க்க வேண்டும். ஒரு அச்சில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுவோம். டார்ச் நேராக இருந்தும் சாய்வு போகவில்லையா? டார்ச் நுனியில் ஆர்க் வெளியே வரும் துளையுள்ள நாஸிலைக் கால் சுற்று திருப்பிப் போட்டு மறுபடி வெட்டுங்கள். சாய்வும் இடம் மாறினால் நாஸில் துளை ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறது.

எத்தனை செய்தாலும் போகாத ஒரு சாய்வு உண்டு. டார்ச்சுக்குள் இருக்கும் ஸ்வர்ல் ரிங் என்ற வளையம் காற்றைச் சுழற்றி அனுப்புவதால் வெட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் செங்குத்தாக வரும். வழக்கமான டார்ச்சுகளில் அது டார்ச் போகும் திசைக்கு வலது பக்கம். ஆகவே வெளி விளிம்பைக் கடிகாரச் சுற்றிலும், உள்ளே உள்ள ஓட்டைகளைக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றிலும் வெட்ட வேண்டும். சாய்ந்த பக்கம் கழிவில் போய்விடும். வரைபடத்தில் கோடுகள் முழுதாக மூடாமல் இருந்தால் எது உள், எது வெளி என்று மென்பொருளுக்குத் தெரியாது. திசை தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

உயரம்

தகட்டிலிருந்து டார்ச் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதில், துளையிடும் உயரமும் வெட்டும் உயரமும் ஒன்றல்ல. 45 ஆம்ப் வகை டார்ச்சுகள் பலவற்றில் வெட்டும் உயரம் 1.5 மி.மீ., துளையிடும் உயரம் 3.8 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் தகட்டைத் துளைக்கும் நொடியில் உருகிய இரும்பு மேலே தெறித்து நேராக நாஸிலில் அப்பிக்கொள்ளும். புது நாஸில் ஒரே நாளில் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். தகடு முழுதாகத் துளைபடும் முன்பே டார்ச் நகர ஆரம்பித்தாலும் இதே கதைதான்.

அப்புறம் டிஹெச்சி, அதாவது வெட்டும்போது டார்ச்சின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு. இது உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. ஆர்க்கின் வோல்டேஜைப் பார்த்து உயரத்தை யூகிக்கிறது. ஆர்க் நீண்டால் வோல்டேஜ் கூடும், உடனே டார்ச்சை இறக்கும். ஒரு மாதம் ஒழுங்காக வெட்டிய டேபிள் திடீரென்று டார்ச்சைத் தகட்டில் உரச ஆரம்பிப்பது ஏன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், வயரை மாற்றினேன். குற்றவாளி, டார்ச்சுக்குள் ஆர்க் புறப்படும் துண்டான எலெக்ட்ரோட். அதன் நுனியில் உள்ள ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒவ்வொரு முறை ஆர்க் பிடிக்கும்போதும் கொஞ்சம் கரைந்து குழி விழுகிறது. குழி ஆழமாக ஆக ஆர்க் உள்ளேயிருந்து புறப்படும். அதே உயரத்தில் வோல்டேஜ் கூடும். டிஹெச்சி அதை "டார்ச் மேலே போய்விட்டது" என்று எடுத்துக்கொண்டு கீழே இறக்கும். குழி கொஞ்சமாக இருக்கும்வரை வோல்டேஜ் அளவைச் சில புள்ளிகள் ஏற்றிச் சமாளிக்கலாம். 1.5 மி.மீ. ஆழத்தை நெருங்கினால் மாற்றிவிடுவதே நல்லது, மாற்றும்போது நாஸிலையும் சேர்த்து.

மூலைகளிலும் இதே ஏமாற்று நடக்கும். திருப்பத்தில் டேபிள் வேகம் குறையும், வெட்டு அகலமாகும், வோல்டேஜ் ஏறும், டார்ச் குப்புற இறங்கும். நிரல் வேகத்தில் 80, 90 சதவீதத்துக்குக் கீழே போனால் டிஹெச்சி தன் வேலையை நிறுத்தும்படி அமைத்துவிடுங்கள். சின்ன ஓட்டைகளுக்கு அதை முழுதாகவே அணைத்துவிடலாம்.

ஓட்டைகளுக்கு வேகம் நேர்வெட்டில் சுமார் 60 சதவீதம் போதும். துளையிடுவதை விளிம்பில் செய்யாமல் நடுவில் செய்து உள்ளே நுழையுங்கள். தகட்டின் தடிமனைப் போல ஒன்றரை மடங்குக்கும் குறைவான விட்டத்தில் நல்ல ஓட்டையை எதிர்பார்க்க வேண்டாம். அப்படியானால் சின்னதாக வெட்டிவிட்டு டிரில்லால் பெரிதாக்கலாமே என்று தோன்றும். காற்று பிளாஸ்மாவில் விளிம்பு நைட்ரஜனை வாங்கிக் கெட்டிப்படும்; டிரில் பிட் மழுங்கும், மரை வெட்டும் டேப் உடையும். இடத்தை மட்டும் குறித்துவிட்டு மொத்தமாக டிரில் செய்வது மேல்.

காற்று

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நிலைக்காது. எலெக்ட்ரோடும் நாஸிலும் வேகமாகத் தின்னப்படும். தண்ணீர் பிரிப்பானைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டுவது பரவலான தவறு. அங்கே காற்று சூடாக இருக்கிறது, ஈரம் இன்னும் ஆவியாகத்தான் இருக்கிறது. பிரிப்பான் வழியாக அப்படியே தப்பித்துப் போய், ஆறியபின் குழாயில் தண்ணீராகிறது. முதலில் காற்றை நீளமான உலோகக் குழாயில் ஓடவிட்டு ஆறவைத்து, அதற்குப் பிறகு பிரிப்பான், கடைசியாக டார்ச் பக்கத்தில் காற்றை உலர்த்தும் கருவி. மெஷினில் காற்றை மட்டும் விடும் சோதனை நிலை இருந்தால், அதில் வைத்து டார்ச்சுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டுங்கள். பனி படர்ந்தால் விஷயம் தெரிந்துவிடும். அழுத்தத்தையும் காற்று ஓடும்போதுதான் படிக்க வேண்டும். சும்மா நிற்கும்போது எந்தக் கம்ப்ரஸரும் நல்ல பிள்ளைதான்.

மெல்லிய ஷீட் தனி. 1 மி.மீ. தகட்டுக்கு 45 ஆம்ப் நாஸில் நிமிடத்துக்கு 8 மீட்டர் போல வேகம் கேட்கும். வீட்டு டேபிள்கள் பலவும் நேர்கோட்டில் அதைத் தொட்டாலும் வளைவில் தொடாது. நாஸிலை அப்படியே விட்டு ஆம்பை மட்டும் குறைப்பது உதவாது. குறைந்த ஆம்புக்கான நாஸிலையே மாட்ட வேண்டும். வளைவுகள் பட்டை பட்டையாக வந்தால் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு வட்டம் நூறு குட்டிக் கோடுகளாக உடைந்து கிடக்கும், டேபிள் ஒவ்வொன்றிலும் தயங்கும். அதை உண்மையான வட்டவில்களாக மாற்றினாலே போதும். எர்த் கிளாம்பை டேபிளின் துருப்பிடித்த பட்டையில் மாட்டாமல் தகட்டிலேயே, பெயின்ட் சுரண்டிய இடத்தில் மாட்டுங்கள்.

புது எலெக்ட்ரோடும் நாஸிலும் போட்ட அன்று, நடுவில் ஓட்டையுள்ள ஒரு சதுரத்தை வெட்டி, தேதியும் வேகமும் வோல்டேஜும் எழுதி டேபிளுக்கு மேலே ஆணியில் மாட்டிவையுங்கள். அடுத்த முறை வெட்டு சந்தேகமாகத் தெரிந்தால், கணினியைத் தொடும் முன் அதே சதுரத்தை இன்னொரு முறை வெட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.